தலைக்கு ஒரு தவணை

நான் பொய்யன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒலிபெருக்கி கட்டிய விளம்பர வண்டியில் உட்கார்ந்து தெருத் தெருவாகப் பொய் சொல்லித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினேன். ஒரு சோப்பைப் போட்டுக் குளித்தவரின் நிழலும் வெளுத்துப் போய், அதை அவர் வெயிலில் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மூட்டுவலித் தைலம் ஒன்றைத் தவறுதலாக மேசைக்காலில் கொட்டிவிட்டதாகவும், அன்றிலிருந்து மேசை வீட்டில் தங்குவதே இல்லை என்றும் சொன்னேன். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒரு டப்பா வாங்குவார்கள். ஒரு டீ குடிக்கிற காசு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மேசையைக் கயிற்றால் கட்டிப் போட்டவர் யாருமில்லை. என் பொய்யை நம்பி எவரும் வீட்டை அடமானம் வைத்ததும் இல்லை.

அதனால்தான் அந்தக் கல்லூரிக்குப் போய் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டைக்குழியில் ஈ ஒன்று உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுப்பது மாதிரி இருக்கிறது.

என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் லிஃப்டுக்குள்ளே நின்று போவார்கள். இவர் அதன் கூரைமேல் நின்று போவார். இருட்டுக் குழிக்குள், கம்பிவடத்துக்குப் பக்கத்தில், கிரீஸ் வாசனையோடு. காலடியில் கோட்டுப் போட்டவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போவது அவருக்குத் தெளிவாகக் கேட்குமாம். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு அவருக்குள் ஓர் ஆசை ஊறிவிட்டது. தன் மகள் லிஃப்டுக்கு உள்ளே நின்று போக வேண்டும், கோட்டும் போட்டிருக்க வேண்டும். இதைத் தப்பான ஆசை என்று எவனும் சொல்ல முடியாது. அந்த ஆசையைத்தான் அவர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள்.

முதலில் போன் வந்தது. பிறகு பளபளவென்று ஒரு கையேடு வந்தது. விமானப் பயணிகள் சேவை மேலாண்மை என்று ஒரு படிப்பு. படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகையைப் போட்டு, பின்னால் பூஜ்யங்களை ரயில்பெட்டி போல் கோத்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு பேருக்கு வேலை. கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கல்லூரியே கடன் ஏற்பாடு செய்து தரும், வீட்டுப் பத்திரம் மட்டும் இருந்தால் போதும் என்று பின்னட்டையில் சின்ன எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்கு வீடு என்று இருப்பது இரண்டு அறையும் ஒரு பால்கனியும். அதன் பழைய கடன் போன வருஷம்தான் தீர்ந்தது. தீர்ந்த அன்று பால்கனியில் நாற்காலி போட்டு, ஒரு பகல் முழுக்க எதையும் பழுது பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பேத்திக்கு இன்னோர் இடமும் கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அரசுக் கல்லூரி, வணிகவியல். சுவரில் காரை பெயர்ந்திருக்கும், மின்விசிறி மனசு வைத்தால் சுற்றும். அங்கே பணம் கட்ட மறுநாள் கடைசி நாள். தனியார் கல்லூரியிலோ அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி. பேத்திக்கும் விமான நிலையத்தின் மேல்தான் கண். குளியலறையில் விமான அறிவிப்புச் சொல்லிப் பழகுவாள். குரல் என்னுடையது, நல்லவேளை, மூக்கு அவள் பாட்டியுடையது அல்ல.

கிளம்பும்போது என் மகள் என்னைத் தனியாக அழைத்தாள். "அப்பா, நீங்களும் போங்க. ஆனா அங்க போய் வாயைத் திறக்காதீங்க. அவர் ஏற்கனவே டென்ஷன்ல இருக்கார்" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

கல்லூரி முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த கட்டடம். பஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. அதன் மேல் ரோஜா வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். அதற்கும் மேலே சாக்கடை. மூன்றும் என் மூக்குக்குள் நுழைந்து பாகப்பிரிவினைக்குச் சண்டை போட்டன. வரவேற்பில் இருந்த பெண்ணின் புன்னகை எங்களுக்கு முன்பே வந்திருந்தது. நாங்கள் திரும்பிய பிறகும் அது அங்கேயே மாட்டியிருந்திருக்கும்.

எங்களை அழைத்துப் போக ஒருவர் வந்தார். ஆலோசகராம். மூன்று கல்யாண வீட்டுக்குப் போதுமான சென்ட்டைத் தன் ஒருவர் மேலேயே கொட்டியிருந்ததால் நான் அவருக்குச் சென்ட்டு என்று பெயர் வைத்தேன். மனசுக்குள்தான், வாய்தான் பூட்டியிருக்கிறதே. அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, விரலில் ஒட்டிய கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, உழைக்கிற கை சார் என்று உருகினார்.

வாசலுக்கு எதிரே ஒரு லிஃப்ட் கதவு. பராமரிப்பில் உள்ளது என்று அட்டை தொங்கியது. மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் அருகே போனார். கதவின் இடுக்கில் விரலை ஓட்டினார், இரண்டு தட்டுத் தட்டினார், காதை வைத்தார். கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். படியேறினோம்.

முதல் மாடியில் ஒரு முன்னாள் மாணவன் தற்செயலாக நின்றிருந்தான். வெளிர்ச் சாம்பல் நிறக் கோட்டு. வங்கி அதிகாரியாம், படித்த இடத்தை மறக்க முடியாமல் விடுப்பு எடுத்து வந்தானாம். மாப்பிள்ளை அவனைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். பொம்மைக் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகள் பார்க்குமே, அந்தப் பார்வை. எங்களுக்கு டீ வந்தது. வாய்க்கு வேலையில்லாமல் போனால் என் கைக்குக் கிறுக்குப் பிடிக்கும். கோப்பை சரிந்து, முழு டீயும் அந்த வங்கி அதிகாரியின் வலது கையில், முழங்கை முதல் மணிக்கட்டு வரை. பரவாயில்லை சார் என்று பல்லைக் கடித்துச் சிரித்தான். சென்ட்டு எங்களை ஒரு காலி வகுப்பறைக்குள் தள்ளிக்கொண்டு போய், அங்கே வரப்போகிற விமான மாதிரியைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

இரண்டாம் மாடியில் இன்னொரு முன்னாள் மாணவன் தற்செயலாக நின்றிருந்தான். விமான நிலையத்தில் உத்தியோகமாம். ஆள் குட்டை; கோட்டு விரல்நுனி வரை இறங்கியிருந்தது. வெளிர்ச் சாம்பல். வலது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஈரம். அந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கெல்லாம் அந்த இடத்தில் வியர்க்கும் போலிருக்கிறது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் மாடியில் ஹோட்டல் மேலாளர். பருத்த பையன். பொத்தான்கள் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஈரக் கையிலிருந்து டீ வாசனை வந்தது. அவனைவிட அதிகமாக அந்தக் கோட்டுதான் மூச்சு வாங்கியது. பின்பக்கப் படிக்கட்டில் இரண்டு உத்தியோகம் பார்த்துவிட்டு ஓடி வந்த கோட்டு அல்லவா.

மொட்டை மாடியில் நீச்சல்குளம் வரப்போகும் இடத்தைக் காட்ட மாப்பிள்ளையைச் சென்ட்டு மேலே கூட்டிப் போனார். எனக்கு முழங்கால் வலி என்று சைகை காட்டினேன். பேத்தியும் நின்றுவிட்டாள்.

"அண்ணா, கை நனைஞ்சிருக்கு" என்றாள்.

"மழை."

"வெளிய வெயில் கொளுத்துது."

பையன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மேலாளர் போய்விட்டார். ஒரு பிள்ளைதான் மிச்சம். அவள் விடவில்லை. விசாரிக்க விசாரிக்கச் சொன்னான். ஹோட்டலில் வேலை பார்த்தது உண்மைதானாம், சாப்பிட்ட தட்டை எடுக்கிற வேலை. அவனோடு படித்தவர்கள் சிலர் போன் கடையில் நிற்கிறார்கள், சிலர் வீட்டில் இருக்கிறார்கள். அப்படி இருப்பவர்களைக் கணக்கெடுக்கிற மாதத்தில் மட்டும் கல்லூரியே கூப்பிட்டு, போனில் ஆள் பிடிக்கும் வேலை கொடுத்துச் சம்பளமும் போட்டுவிடும். அதனால் நூற்றுக்கு நூறு.

"அந்தச் சராசரி?" என்றாள் பேத்தி.

"ஓனரோட தம்பி பையனும் எங்க கிளாஸ்தான். அவன் பேர்ல ஒரு சிமெண்ட் கம்பெனி இருக்கு. அவன் சம்பளத்தோட எங்க சம்பளத்தையும் கூட்டி வகுத்தாங்க. யாரும் பொய் சொல்லலை."

யாரும் பொய் சொல்லலையாம். பொய் சொல்வதற்கும் ஒரு மானம் வேண்டும். கேட்பவன் சிரித்துவிட்டுத் தப்பிப் போக ஒரு கதவு திறந்து வைக்க வேண்டும். இவர்கள் உண்மையையே பிடித்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"சம்பளத்துல கடன் தவணை போக என்ன மிஞ்சும்?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"பஸ் காசு. அதுவும் போக மட்டும்."

"அப்ப எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

அவன் ஈரக் கையைப் பிழிந்தான். "என்னைப் பார்த்து யாராவது சேர்ந்தா எனக்கு ஒரு மாசத் தவணை தள்ளுபடி."

அவளை ஒரு மாதத் தவணையாக இதற்கு முன் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பையன் சேரு என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டதும் எழுந்து, வராத பொத்தானை இழுத்துப் போட்டு, மறுபடி மேலாளரானான்.

கீழே ஒரு குளிர்சாதன அறை. மேசையின் இந்தப் பக்கம் சென்ட்டு, அந்தப் பக்கம் கடன் கொடுக்கும் கம்பெனியின் ஆள். கல்விக்கும் கடனுக்கும் நடுவே ஒரே ஒரு பேனா. மாப்பிள்ளை தன் கருவிப் பையிலிருந்து, ஸ்பேனர்களுக்கு நடுவே பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். கடன்காரர் அதை எச்சில் தொட்டுப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் எச்சில்.

"அப்பா, வேணாம்" என்றாள் பேத்தி. கோட்டுக் கதை முழுவதையும் அவர் காதருகே சொன்னாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்க்காமல் பேசினார். "ஒரு கோட்டை மூணு பேர் போட்டா என்னம்மா? எங்க கம்பெனியில ஒரு ஹெல்மெட்டை ஆறு பேர் போடுறோம். புது இடம்னா பயமாத்தான் இருக்கும். அப்பா இருக்கேன்ல?"

"நான் படிச்சு முடிச்சா எனக்கும் அந்தக் கோட்டுத்தாம்பா."

கேள்வி கேட்கிற பெண்தான் முன்னுக்கு வரும் என்று சென்ட்டு பூரித்துப் போய், பேனாவின் மூடியைக் கழற்றி மாப்பிள்ளையின் விரலுக்கிடையில் செருகினார். பேத்தி என் பக்கம் திரும்பினாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் வெறுமனே பார்த்தாள். என் மகளுக்குச் செய்த சத்தியம் அதோடு தீர்ந்தது.

"சார்," என்றேன், "எங்க தெருவுலயும் படிக்கிற வயசுல பசங்க இருக்காங்க. ஒரு நாப்பது பேர்."

"நாப்பதா?"

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னால எங்க பக்கம் மூணு மாசம் கரண்டே இல்ல சார். வேற பொழுதுபோக்கு? எல்லாம் ஒரே வயசு. எல்லாருக்கும் சொந்த வீடு. அப்பன்காரங்க நல்ல மாதிரி. நீட்டின இடத்துல படிக்காம கையெழுத்துப் போடுவாங்க."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். என் வாழ்நாளில் இதைவிடப் பச்சையான புளுகுக்குத் தெருவே சிரித்திருக்கிறது. இவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. நம்பினார்கள். இத்தனை வருஷத் தொழிலில் என்னை முதல்முறையாக நம்பிய இரண்டு மனிதர்கள் இவர்கள்தான். சென்ட்டின் கண்ணில் நாற்பது தலைகளும் வரிசையாக வந்து நின்றதை நான் பார்த்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அந்த வாசனையோடு அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

"பெரியவரே, தலைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"உங்க ரேட் என்ன?"

சொன்னார். மாப்பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம்.

"அப்ப இந்தத் தலைக்கு?" என்று பேத்தியைக் காட்டினேன்.

"இது ஏற்கனவே மூணாவது மாடிப் பையன் பேர்ல போயிடுச்சே" என்று சென்ட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். கடன்காரர் பத்திரத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு யோசனை சொன்னார்: "பாதி அவனுக்கு, பாதி பெரியவருக்குன்னு போட்டுடலாம். நாப்பது பேர் வர்ற இடம்."

"தாராளமா" என்றார் சென்ட்டு. "முன்பணம் இப்பவே தந்துடறேன்."

கசாப்புக் கடையில்கூட ஆட்டைப் பின்பக்கம் கட்டிவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இவர்கள் பெற்றவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, குழந்தையைச் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அதில் ஒரு தப்பும் இருப்பதாக இருவர் முகத்திலும் தெரியவில்லை. அதுதான் இன்றும் எனக்குச் சோறு இறங்காததன் காரணம்.

மாப்பிள்ளை பேனாவை மூடினார். மேசைமேல் வைத்தார். கடன்காரரின் விரலுக்கடியிலிருந்து பத்திரத்தை மெல்ல உருவி, எச்சில் பட்ட ஓரத்தைத் தன் சட்டையில் துடைத்து, உறையில் போட்டு ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்தார்.

"மாமா, கிளம்பலாம்" என்றார்.

அந்த அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சென்ட்டு தள்ளுபடியை இரண்டு மடங்காக்கினார், விடுதி இலவசம் என்றார், மடிக்கணினி என்றார். அந்த நடைபாதை இன்னும் பத்தடி நீளமாக இருந்திருந்தால் எங்களுக்கு மாதாமாதம் அவர்களே பணம் கட்டியிருப்பார்கள்.

பஸ்ஸில் மாப்பிள்ளை கருவிப் பையை மடியில் வைத்து இரு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். வெகுதூரம் போன பிறகு பேசினார்.

"அந்த லிஃப்டுக்குக் குழியே இல்ல மாமா. கதவை வாங்கிச் செவுத்துல ஒட்டியிருக்காங்க. போனதுமே தட்டிப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா மாப்ள பத்திரத்தை எடுத்தீங்க?"

"பின்னால என்னைக்காவது குழி தோண்டுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

கம்பிவடத்தில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் காலை எடுத்து வைக்காத மனிதர் அவர். பேத்தி ஜன்னலோரம் இருந்தாள். மறுநாள் போய் அரசுக் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு வந்தாள்; அன்றும் அவள் முகம் சரியாகவில்லை. கேட்டதற்கு, "அந்த அண்ணனுக்கு ஒரு மாசம் போச்சு தாத்தா" என்றாள். குளியலறையில் இப்போதெல்லாம் அறிவிப்பு கேட்பதில்லை; தண்ணீர் விழும் சத்தம்தான்.

சென்ட்டு விடவில்லை. நாற்பது பிள்ளைகள் எங்கே என்று போன் மேல் போன். பஸ் பிடித்துக் கிளம்பியவர்கள் வழியில் ஒரு மலையில் மோதிவிட்டார்கள் என்றேன், மலைக்குத்தான் சேதம் அதிகம் என்றேன். மலை சரியானதும் அனுப்பி வையுங்கள் என்றார். நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் மீசை முளைத்துவிட்டது, முடிவெட்டுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றேன். காத்திருப்பதாகச் சொன்னார். இப்படி நம்புகிறவனிடம் புளுகுவதில் ருசியே இல்லை. வாய் கசந்தது.

போன வாரம் வேறு குரல் வந்தது.

"வணக்கம் சார். மாணவர் சேர்க்கைப் பிரிவு." பிறகு தாழ்ந்து, "தாத்தா, நான் மூணாவது மாடி. அந்த நாப்பது பேர்ல ஒருத்தராவது வருவாங்களா?"

வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கி வண்டி காலத்திலிருந்து எனக்கு ஒருநாளும் கைவிட்டுப் போகாத பொய், அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

"ஒருத்தரும் இல்லப்பா. எல்லாம் ரீல்."

"தெரியும் தாத்தா. கரண்ட் கதையைச் சொன்னாங்க, அப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்குப்பா கூப்பிட்ட?"

"வச்சிடாதீங்க. எவ்வளவு நேரம் பேசுறோம்னு மேல பார்க்குறாங்க. நீங்க வச்சா நான் அடுத்த வீட்டுக்குப் போடணும்."

அடுத்த வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையில் கிரீஸோ சுண்ணாம்போ மாவோ ஒட்டியிருக்கும் ஒருவர்; மடியில் பாலிதீன் உறை. கோட்டுக் கை காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். கறை போகவில்லை, இப்போது அதை வேறொருவன் போட்டுக்கொள்கிறான், வங்கி அதிகாரியை மட்டும் இடது பக்கத்தைக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூட்டுவலித் தைலத்திலிருந்து ஆரம்பித்தேன். மேசை எழுந்து வாசல் தாண்டியது, தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் அதை நிறுத்தி விலாசம் கேட்டது, இரண்டு நாற்காலிகள் அதோடு சேர்ந்துகொண்டது என்று நீட்டிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. ஆமாம் சார், நிச்சயமா சார், குறிச்சுக்கிட்டேன் சார் என்று மேலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குத் தொண்டை வறண்டது. பேத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"இப்ப அந்த மேசை எங்க சார் இருக்கு?" என்று கடைசியில் மரியாதையாகக் கேட்டான்.

"நடந்துக்கிட்டுதான்பா இருக்கு," என்றேன். "நீ வைக்காதே. இன்னும் நிறைய தூரம் இருக்கு."